கருவிப்பெட்டிக்கு முன்னால் தோல்

தோலில் பர்ஸ், பெல்ட், சின்னப் பை என்று எதையாவது தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்கிற காரியம், இணையக் கடையில் ‘லெதர் டூல் கிட்’ என்று தேடுவதுதான். ஐம்பது, அறுபது உருப்படிகள் அடங்கிய பெட்டி ஒன்று வந்து சேரும். விதவிதமான முத்திரை அச்சுகள், ஓட்டை போடும் பஞ்ச்கள், மரப்பிடி போட்ட ஊசிகள், நூல்கண்டுகள் எல்லாம் இருக்கும். அவற்றில் பாதிக்கு என்ன வேலை என்பது வாங்கியவருக்குத் தெரியாது. தெரியவரும் நாளில், வெட்ட வேண்டியவை வெட்டுவதில்லை என்பதும் தெரிந்துவிடும். இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. காசு முதலில் தோலுக்குப் போக வேண்டும். அடுத்து வெட்டுகிற, குத்துகிற எஃகுக்கும் நூலுக்கும் போக வேண்டும். தோலைப் பிடிக்க, அழுத்த, தேய்க்க, தட்ட உதவும் மற்ற சாமான்கள் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அப்படிச் செய்வதால் தரம் குறைந்துவிடாது என்பதற்கு, தோல் என்ற பொருளின் இயல்பே சாட்சி.

வீட்டில் செய்த கருவி என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள், தோல் வேலையின் வயதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரான்ஸின் தென்மேற்கில் பெஷ் த லாசே, அப்ரி பெய்ரோனி என்ற இரண்டு இடங்களில் நியாண்டர்தால் மனிதர்கள் வாழ்ந்த மண்ணடுக்குகளிலிருந்து, விலங்குகளின் விலா எலும்பில் செய்த சில கருவித் துண்டுகள் கிடைத்தன. ஆய்வாளர்கள் 2013இல் அவற்றைப் பற்றி எழுதினார்கள். வயது ஏறக்குறைய 50,000 ஆண்டுகள். தோலை அழுத்தித் தேய்த்து மிருதுவாகவும் பளபளப்பாகவும் ஆக்குவதற்கு அவை பயன்பட்டன என்பது அவர்களின் முடிவு. இன்றும் ஐரோப்பியத் தோல் பட்டறைகளில் அதே வடிவத்தில், அதே வேலைக்கு, எலும்பில் செய்த தேய்ப்பான் இருக்கிறது. இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் அதன் வடிவத்தைத் திருத்த வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. வழவழப்பான, வளைந்த முனை கொண்ட கெட்டியான எந்தப் பொருளும் அந்த வேலையைச் செய்யும். தேய்ந்த மரக்கரண்டியின் காம்பும் செய்யும்.

ஆனால் தேய்ப்பான் எதுவாக இருந்தாலும், தேய்க்கப்படும் தோல் சரியானதாக இருக்க வேண்டும். தொடக்கக்காரர்கள் தடுக்கி விழும் இடம் இது. சந்தையில் கிடைக்கும் தோலைப் பதனிடும் முறையை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். குரோமியம் உப்பில் பதனிட்டது ஒன்று. மரப்பட்டை, காய்களின் துவர்ப்புச் சாற்றில் பதனிட்டது மற்றொன்று. முன்னதைக் குரோம் தோல் என்றும் பின்னதைப் பட்டைத் தோல் என்றும் இங்கே சொல்வோம். குரோம் தோல் மிருதுவானது, சீக்கிரம் தயாராவது, பல நிறங்களில் வருவது. உலகில் இன்று உற்பத்தியாகும் தோலில் மிகப் பெரும்பகுதி அதுதான். ஷூவின் மேல்பாகத்துக்கும் ஜாக்கெட்டுக்கும் அதற்கு இணை கிடையாது. ஆனால் ஈரப்படுத்தி அச்சுக் குத்தினால் அதில் அச்சு நிற்காது. வெட்டிய ஓரத்தைத் தண்ணீர் தொட்டு எவ்வளவு தேய்த்தாலும் பளபளக்காது. நாரும் பிசிறுமாகவே இருக்கும். பட்டைத் தோல் அப்படி இல்லை. தண்ணீர் பட்டதும் நார்கள் ஊறித் தளர்கின்றன. தேய்க்கும்போது எழும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றோடொன்று படிந்து இறுகிவிடுகின்றன. குரோம் தோலை வாங்கி வைத்துக்கொண்டு, ‘இந்தத் தேய்ப்பான் சரியில்லை, விலை கூடினதாக வாங்க வேண்டும்’ என்று அடுத்த கருவிக்கு ஆர்டர் போடுபவர், நோயாளியை விட்டுவிட்டு ஸ்டெதஸ்கோப்பை மாற்றுகிறார்.

பட்டைத் தோலுக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதும் இல்லை. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் முடித்த தென்னிந்தியத் தோல், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் ‘ஈ.ஐ. தோல்’ என்று லண்டன் சந்தை வரை அறியப்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸ்களுக்கு மேற்தோலாகச் சென்னை மாகாணத்துத் தோல் கப்பல் கப்பலாகப் போனது. பிறகு ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டைச் சாறு பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. குரோம் முறை அதற்கு முன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கே காலூன்றிவிட்டது. சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே அங்கே இருந்த குரோம் தோல் கம்பெனிதான். இன்று ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடு உண்டு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்கள் அந்த மரபுக்குப் பேர் பெற்றவை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்ற வரிசையும், சென்னை பெரியமேட்டின் தோல் கடைகளும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கடையில் சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். பதனிட்ட முறையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்டாலும் சந்தேகம் தீராதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. தோலின் ஓரத்தில் விரல் அகலத் துண்டு ஒன்றை நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் 2 நிமிடம் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு, சுருங்கி, விறைத்துப்போகும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் ஏறக்குறைய போட்டபடியே இருக்கும். தோல் ஆலைகளிலும் குரோம் சரியாக ஏறிவிட்டதா என்று பார்க்கக் காலங்காலமாகக் கையாளும் சோதனைதான் இது. தீயில் எரித்துச் சாம்பலின் நிறத்தைப் பார்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டாம்: குரோம் தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாற வாய்ப்பு உண்டு. தடிமனையும் சொல்லிவிட வேண்டும். பெல்ட்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர், பர்ஸுக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் போதும். முதுகுப் பகுதித் தோல் இழுத்தால் நீளாது. வயிற்றுப் பகுதி நீளும். வயிற்றுத் தோலில் வெட்டிய பெல்ட் சில மாதங்களில் ஒரு துளை நீண்டுவிடும். எந்த விலையுயர்ந்த கருவியும் இதைச் சரிசெய்யாது.

அடுத்தது கத்தி. தோல் வேலையில் எதில் கஞ்சத்தனம் செய்தாலும் விளிம்பில் செய்யக் கூடாது. இப்படிச் சொன்னதும் கடைக்குப் போய் விலையுயர்ந்த கத்தி வாங்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். நல்ல விளிம்பு நல்ல எஃகிலிருந்தும், அதைத் தீட்டத் தெரிந்த கையிலிருந்தும் வருகிறது. லேத் பட்டறைகளில் இரும்பு அறுக்கும் இயந்திரத்தின் ஹாக்சா பிளேடு பல் தேய்ந்ததும் மூலையில் கிடக்கும். கையால் அறுக்கும் மெல்லிய பிளேடு பலவற்றில் பல்விளிம்பு மட்டுமே கடினம், உடல் மிருது. அது கத்திக்கு ஆகாது. இயந்திர பிளேடில் முழுக்க ஹைஸ்பீடு ஸ்டீலில் செய்தது கிடைத்தால் அது புதையல். அதில் ஒரு சாண் நீளத் துண்டை எடுத்து, முனையைச் சாய்வாகச் சாணை பிடித்து, ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்து, மறுபக்கத்தைத் தட்டையாக விட்டால், தோல் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் கத்தி தயார். பிடிக்கு மிச்சத் தோலையே சுற்றிக்கொள்ளலாம். பழைய அரத்தில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாணையில் பிடிக்கும்போது விளிம்பு நீலமாக மாறினால் அந்த இடத்தில் எஃகின் கடினம் இறங்கிவிட்டது என்று பொருள். அவ்வளவையும் தேய்த்துத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுத்தால் இந்தத் தொல்லை வராது. ஹைஸ்பீடு ஸ்டீல் சூட்டை அதிகம் தாங்கும் என்பதால் அதில் இந்தப் பயம் குறைவு. சாணை பிடிக்கும்போது கண்ணாடி அணிவதை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது.

சாணைக்கல்லில் வந்த கூர்மை தோலுக்குப் போதாது. ஒரு பலகையில் பட்டைத் தோல் துண்டு ஒன்றை ஒட்டி, பாத்திரங்களுக்கு மெருகேற்றும் பச்சை பாலிஷ் கட்டியை அதன் மேல் தேய்த்து, கத்தியின் முதுகு முன்னே போகும்படி, விளிம்பு பின்னால் வரும்படி இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் பலகைத் தோலைக் கத்தி அறுத்துவிடும். இருபது முப்பது இழுப்புக்குப் பிறகு தோல் ஓரத்தில் வைத்துச் சீவிப் பாருங்கள். கத்தி சத்தமில்லாமல் போய், மெல்லிய சுருள் சுருளாக விழுந்தால் விளிம்பு வந்துவிட்டது. தோல் சுருங்கி, கத்தியோடு இழுபட்டால் வரவில்லை. சிலநூறு ரூபாய்க் கத்திக்கும் பல ஆயிரம் ரூபாய்க் கத்திக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இந்தப் பலகையில்தான் இருக்கிறது. வேலைக்கு நடுவே அரைமணிக்கு ஒருமுறை இதில் இழுப்பவருடைய மட்டமான கத்தி, தீட்டவே செய்யாதவருடைய உயர்ந்த கத்தியைத் தோற்கடித்துவிடும்.

தையலில் நிலைமை கொஞ்சம் வேறு. கைத்தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் ஊசியை நுழைத்து இழுக்கிறோம். இதற்கு நூல், தையல் நீளத்தைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு வேண்டும். இயந்திரத் தையலில் மேல்நூலும் அடிநூலும் நடுவில் கொக்கி போட்டு நிற்பதால், ஒன்று அறுந்தால் அக்கம்பக்கத்துத் தையலும் தளரத் தொடங்கும். கைத்தையலில் ஓரிடத்தில் நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் ஓடும் நூல் பிடித்துக்கொண்டு நிற்கும். துளைகள் ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில் இருந்தால்தான் தையல் அழகாக வரும். சாப்பிடும் முள்கரண்டியின் பற்களை அரத்தால் கூராக்கி இடைவெளி குறிப்பவர்கள் உண்டு. குறிக்கலாம்; ஆனால் அதன் இடைவெளி பர்ஸுக்கு அகலம் அதிகம், பற்களும் ஒரே அளவாக இருக்காது. இங்கே மட்டும் நான் கடைப்பொருளுக்கு ஓட்டுப் போடுகிறேன். 3 அல்லது 4 மில்லிமீட்டர் இடைவெளியில், சாய்வான பற்கள் கொண்ட துளை உளி ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. பல் பல்லாக ஒரே அளவில் அரம் பிடிப்பது, அதையே தொழிலாகச் செய்பவருக்குத்தான் கைவரும். குத்தூசி அப்படி இல்லை. கெட்டிப்பட்ட கான்கிரீட் ஆணியை நாலு பட்டையாக, நசுங்கிய வைர வடிவில் தீட்டி, மரப்பிடியில் இறக்கினால் அருமையான குத்தூசி. உருண்டை முனை தோலைத் தள்ளிக்கொண்டுதான் போகும்; பட்டை முனை வெட்டிக்கொண்டு போகும். நூலுக்குப் பருத்தி வேண்டாம், வியர்வையிலும் ஈரத்திலும் இற்றுவிடும். கெட்டியான பாலியெஸ்டர் நூலைத் தேன்மெழுகுக் கட்டியின் மேல் இரண்டு மூன்று முறை இழுத்துக்கொண்டால் துளையில் இறுகி நிற்கும்.

இரண்டு கையிலும் ஊசி இருப்பதால் தோலைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். அந்தக் கை மரத்தில் செய்தது. ஒரு முழ உயரத்தில் இரண்டு பட்டைப் பலகைகளை எடுத்து, அடியில் ஒரு கட்டையின் இரு பக்கமும் திருகாணியால் முடுக்குங்கள். மேலே இரண்டு பலகைகளின் உள்முகங்கள் ஒன்றையொன்று தொடும்படி சின்னக் கட்டைகளை ஒட்டி, வெளிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவிவிட்டால் ஊசி பிடித்த விரல் இடிக்காது. பாதி உயரத்தில் துளை போட்டு நீண்ட போல்ட் ஒன்றை நுழைத்து, காது வைத்த நட்டால் முடுக்கினால் வாய் மூடும், தளர்த்தினால் திறக்கும். போல்ட்டில் ஒரு சுருள்வில்லைக் கோத்துவிட்டால் நட்டைத் தளர்த்தியதும் வாய் தானே திறந்துகொள்ளும். தோலில் தடம் விழாமல் இருக்க வாயின் உள்முகத்தில் மெல்லிய தோல் ஒட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டை அகலமான பலகை ஒன்றின் மேல் நிறுத்தி, அந்தப் பலகையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்தால், உங்கள் எடையே அதை ஆடாமல் பிடிக்கும். தச்சரிடம் மிச்சமான தேக்கு ரீப்பர் போதும். கடையில் விற்கும் கவ்விக்கும் இதற்கும் வேலையில் வேறுபாடு கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சமையல் மேடையில் சிங்க் வைக்க வெட்டியெடுத்த கிரானைட் துண்டு, தோலைச் சீவவும் அச்சுக் குத்தவும் ஏற்ற தளம்; ஆனால் துளை போடும்போது அதன் மேல் பிளாஸ்டிக் வெட்டுப்பலகை இல்லாவிட்டால் உளி முனை மழுங்கிவிடும். தட்டுவதற்குப் புளியமரக் கொட்டாப்புளி. இரும்புச் சுத்தியல் உளியின் தலையைப் பிளந்துவிடும். தையல் கோடு போட, பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் யாரும் தொடாமல் கிடக்கும் டிவைடர் கச்சிதமான கருவி. ஒரு காலை ஓரத்தில் ஒட்டி நடத்தினால் மறுகால் கோடு போட்டுக்கொண்டே வரும்.

கறுப்புச் சாயத்தையும் வீட்டிலேயே செய்யலாம். அதில் உள்ள ரசாயனம் சுவையானது. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் போட்டு, வாயு வெளியேறும்படி மூடியைத் தளர்த்தி, சில நாள் வைத்திருந்து வடிகட்ட வேண்டும். இந்தத் தண்ணீரைப் பட்டைத் தோலில் தடவினால் கண் முன்னாலேயே தோல் கறுக்கும். தோலிலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு இது. மேலே பூசியது அல்ல, நாரிலேயே ஏறியது. தஞ்சை வட்டாரத்துக் கருப்பூர்க் கலம்காரியிலும் இதே தத்துவம்தான்: கடுக்காயில் தோய்த்த துணியில், வெல்லத்தோடு ஊறிய இரும்புத் தண்ணீர் கறுப்புக் கோடாகிறது. சாயம் போட்ட தோலை ஆப்ப சோடா கலந்த நீரில் அலசி, காய்ந்ததும் எண்ணெய் தடவ வேண்டும். இதே காரணத்தால் ஈரமான பட்டைத் தோலின் மேல் இரும்புக் கருவியை வைத்துவிட்டுப் போனால் அழியாத கறை விழும். ஒட்டுவதற்குச் செருப்புக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் சொல்யூஷனே போதும். அதிலிருந்து வரும் ஆவி கெடுதலானது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு. கருவி செய்யச் செலவாகும் நேரத்தில் நாலு பர்ஸ் செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. விற்பனைக்காகச் செய்பவருக்கு இது நியாயமான கேள்வி. ஆர்டர் கையில் இருப்பவர் கவ்வியை விலைக்கு வாங்கட்டும். ஆனால் கற்றுக்கொள்பவருக்கு, கவ்வியின் வாய் ஏன் சாய்வாக இருக்க வேண்டும், குத்தூசி ஏன் பட்டையாக இருக்க வேண்டும் என்பது அதைச் செய்யும்போதுதான் புரிகிறது. பிறகு கடையில் வாங்கும்போதும் ஏமாற மாட்டார். அமெரிக்காவில் 1826 முதல் இயங்கும் சி.எஸ். ஆஸ்போர்ன் போன்ற நிறுவனங்களின் கருவிகள் இவற்றைவிடச் சிறந்தவை இல்லையா என்று கேட்டால், சிறந்தவைதான். எதில் சிறந்தவை என்பதுதான் கேள்வி. எஃகிலும் அளவின் துல்லியத்திலும் சிறந்தவை. அந்த இரண்டும் முக்கியமாக இருக்கும் கத்தி, துளை உளி, பஞ்ச் ஆகியவற்றைப் பணம் சேரும்போது ஒவ்வொன்றாக வாங்கலாம். கொட்டாப்புளியிலும் தேய்ப்பானிலும் எஃகும் இல்லை, துல்லியமும் தேவையில்லை.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். தெருமுனையில் செருப்புத் தைப்பவர் ஒரு கத்தி, ஒரு கொக்கி ஊசி, ஒரு இரும்புக் கால், ஒரு சுத்தியல் இவற்றோடு காலம் தள்ளுகிறாரே, நமக்கு மட்டும் எதற்குத் துளை உளி என்பார்கள். இதில் பாராட்டு இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அநீதி இருக்கிறது. அவருடைய கைத்திறனில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாலு கருவி அவர் தேர்ந்தெடுத்த எளிமை அல்ல. தோல் தொழிலைச் சில சாதிகளின் தலையில் கட்டி, அதைத் தீட்டு என்று ஒதுக்கி, கூலியையும் கடனையும் அந்த அளவிலேயே வைத்திருந்த சமூகம் அவருக்கு விட்டுவைத்தது அவ்வளவுதான். கருவி குறைவாக இருப்பதை அழகு என்று கொண்டாடும் உரிமை, வேண்டுமானால் வாங்கிக்கொள்ளும் வசதி உள்ளவர்களுக்குத்தான் இருக்கிறது. என் கட்சி குறைந்த கருவிக்காக அல்ல, சரியான இடத்தில் செலவு செய்வதற்காக. அந்தத் தொழிலாளிக்கும் நிழலுள்ள இடமும் நல்ல எஃகும் கிடைத்தால் வேலை இன்னும் சிறப்பாகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே தொடங்க நினைப்பவர்கள் பெட்டி ஆர்டரை ரத்து செய்துவிட்டு, முதலில் 2 சதுர அடிப் பட்டைத் தோல், ஒரு துளை உளி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, ஒரு பாலியெஸ்டர் நூல்கண்டு, ஒரு தேன்மெழுகுக் கட்டி இவ்வளவையும் வாங்குங்கள். தோலை வெட்டுவதற்கு முன், அதன் மூலையில் ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள்.